இடது பக்கம் எண்ணம், வலது பக்கம் வசனம்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அதிகம் பேருக்கு மனப்பாடமான சங்கீதம் எது என்று கேட்டால் 23 என்றுதான் பதில் வரும். என்னைக் கேட்டால் 91-ஆம் சங்கீதமும் அதற்குச் சளைத்ததில்லை என்பேன். காலண்டரில் அது இருக்கும். வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ஆபரேஷனுக்குப் போகிறவர் தலையணைக்கு அடியில் அட்டையாக இருக்கும். கொரோனா நாட்களில் அது வாட்ஸப்பில் வராத காலை கிடையாது. பிசாசு இயேசுவைச் சோதிக்க எடுத்துக்கொண்ட சங்கீதமும் அதேதான்.

மத்தேயு 4-ஆம் அதிகாரம். தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, கீழே குதிக்கச் சொல்லி, தூதர்கள் கையில் ஏந்திக்கொள்வார்கள் என்று அந்தச் சங்கீதத்தின் 11, 12 வசனங்களைச் சொல்கிறான். சொல்லும்போது, உன் வழிகளிலெல்லாம் காப்பார்கள் என்று வரும் பகுதியை விட்டுவிடுகிறான். 12-ஆம் வசனத்தோடு நிறுத்தியும் விடுகிறான். 13-இல் சர்ப்பத்தை மிதிப்பது வருகிறது. அதை அவன் ஏன் சொல்லப் போகிறான்?

வசனம் தெரிந்தால் போதும், சோதனை தானாக விலகிவிடும் என்று சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். அந்த உச்சியில் நிற்கிற இரண்டு பேருக்கும் வசனம் தெரியும்.

நான் போதகர் இல்லை. காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிறவனுக்கு வசனம் எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்பது கொஞ்சம் தெரிந்துவிடும். அதைத்தான் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் களத்தைப் பற்றி நாலு வார்த்தை. காங்கேயம் என்றால் காளை என்பார்கள். காளைக்கு அடுத்தபடி இங்கே பேர் சொல்கிறவை அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிற ஊர், வெயிலுக்குக் குறைவில்லை. அதனால் பொள்ளாச்சித் தேங்காயும் வரும், மழை விடாத கேரளத்துத் தேங்காயும் இங்கே வந்துதான் காயும். உடைத்து, வெயிலில் மல்லாத்திப் பரப்பி, ஓரளவு சுண்டியதும் தொட்டியிலிருந்து, அதாவது சிரட்டையிலிருந்து, பருப்பைப் பிரித்தெடுத்து மறுபடி காயவைப்போம். தொட்டி கரிக்குப் போகும், பருப்பு எண்ணெய்க்குப் போகும். ஆட்டுகிற பருப்பில் ஈரம் ஆறு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. தாண்டினால் பூசணம் பிடிக்கும், விலை விழும்.

இதில் சோதனை எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர் இந்தத் தொழில் செய்யாதவராக இருக்க வேண்டும். எடையில் இருக்கிறது. ஈரத்தில் இருக்கிறது. காய்ந்த பருப்பு மூட்டையின் நடுவில் காயாததைப் போடுவதில் இருக்கிறது. எண்ணெயில் விலை குறைந்த வேறு எண்ணெய் கலப்பதில் இருக்கிறது. கூலியாட்களின் சம்பளக் கணக்கில், சனிக்கிழமை சாயங்காலம், கண்டிப்பாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே கந்தகம்.

மேகம் இறங்கினால் எல்லாக் களத்திலும் தார்ப்பாய் விரியும். இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டால் பருப்பு வழுக்க ஆரம்பிக்கும், மூன்றாம் நாள் பச்சையும் கறுப்புமாய்ப் புள்ளி விழும். அப்போது தரகர் வருவார். வண்டியை விட்டு இறங்க மாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே பேசுவார்.

“ஏனுங்ணா, இப்பிடியே வெச்சுட்டு நின்னா என்னாகறது? ராத்திரிக்கு ஒரு பொகை போட்டு உடுங்க. காத்தால பாருங்க, பல்லாட்டம் இருக்கும்.”

அவர் கெட்டவர் இல்லை. என் நஷ்டத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டுத்தான் சொல்கிறார். தார்ப்பாய்க்குள் கந்தகத்தைக் கொளுத்தினால் அந்தப் புகை பூசணத்தைத் தடுக்கும், பருப்பை வெளுக்கும். உணவுப் பாதுகாப்புத் துறை ஆட்கள் வந்து சோதனை போடுவதும் நோட்டீஸ் கொடுப்பதும் அவ்வப்போது நடக்கும். ஆனால் மழை பெய்கிற ராத்திரியில் அதிகாரி எவரும் வரப்போவதில்லை என்று தரகருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் ‘பாவம் செய்யாதே’ என்ற பொதுவான ஒரு வசனத்தை எடுத்து நீட்டிப் பாருங்கள். ஒன்றும் ஆகாது. ஏனென்றால் எனக்குள் ஓடுகிற எண்ணம் ‘பாவம் செய்’ என்று சொல்லவே இல்லை. அது என்ன சொல்கிறது? ‘எல்லாரும் போடறாங்க.’ அவ்வளவுதான். ‘நீ மட்டும் போடாம இருந்தா இந்த ஊர்ல பருப்பு சுத்தமாயிருமா?’ என்கிறது. இதற்குத்தான் பதில் வேண்டும். யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் 2-ஆம் வசனத்தில் அந்தப் பதில் இருக்கிறது: கூட்டமாய்ச் சேர்ந்து தீமை செய்தாலும் நீ அந்தக் கூட்டத்தின் பின்னே போகாதே என்பது அதன் பொருள். வழக்குகளில் சாட்சி சொல்வதைப் பற்றி வருகிற இடத்தில் இது இருக்கிறது. பருப்புக்குப் போடும் கந்தகத்தைப் பற்றி மோசேக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ‘எல்லாரும்’ என்கிற அந்த ஒரு சொல்லை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

எண்ணம் என்ன சொல்கிறது என்று முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அது சொல்கிற பொய் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பொய்க்குரிய வசனத்தை எடுக்க வேண்டும். இந்தப் பழக்கத்தில் என் அனுபவம் முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இதில் முதலாவதுதான் கடினம். மனம் தன் எண்ணத்தை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல விரும்புவதில்லை. மங்கலாகவே வைத்துக்கொள்ளும். மங்கலாக இருக்கிறவரை எதை வைத்தும் பதில் சொல்ல முடியாது.

இது என் கண்டுபிடிப்பு என்று சில காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஆயிரத்து அறுநூறு வருஷங்களுக்கு முன்னாலேயே ஒருவர் இதை முழுப் புத்தகமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெயர் எவாக்ரியுஸ். கருங்கடல் ஓரத்துப் பொந்து நாட்டுக்காரர். கான்ஸ்டான்டினோப்பிளில் உதவி குருவாக, பேச்சாற்றலுக்குப் பெயர்பெற்று இருந்தவர். அங்கே பெரிய இடத்துப் பெண் ஒருத்தியிடம், அவள் இன்னொருவரின் மனைவி, மனம் போய்விட்டது. தலைநகரை விட்டே கிளம்பினார். எருசலேம் வழியாக எகிப்துக்குப் போய், முதலில் நித்ரியாவிலும் பிறகு கெல்லியா என்ற பாலைவனத் துறவியர் குடியிருப்பிலும் வாழ்ந்து 399-இல் இறந்தார். சோதனையைப் பற்றி எழுத அவருக்குத் தகுதி இருந்தது என்றுதான் சொல்வேன்.

அவர் எழுதிய ‘அந்திர்ரேதிகோஸ்’ என்ற நூலின் வேலையே எதிர்த்துப் பேசுவதுதான். மனிதனைத் துரத்தும் தீய எண்ணங்களை அவர் எட்டாகப் பிரிக்கிறார்: பெருந்தீனி, காமம், பண ஆசை, துயரம், கோபம், மனச்சோர்வு, வீண்புகழ், அகந்தை. பிற்காலத்தில் மேற்கத்திய சபை ஏழு தலையான பாவங்கள் என்று சொன்ன பட்டியலுக்கு வேர் இதில்தான் இருக்கிறது. எட்டு எண்ணத்துக்கும் எட்டுப் பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் ஆதியாகமத்தில் தொடங்கி வேதாகம வரிசைப்படி வசனங்கள். மொத்தம் ஏறக்குறைய ஐநூறு. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால், அது எந்த எண்ணத்துக்கு எதிரானது என்று எழுதியிருக்கிறார். அதுவும் ‘கோபத்துக்கு எதிராக’ என்று பொதுவாக இல்லை. வயசாகிவிட்டால் உழைக்க முடியாது, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று பயமுறுத்துகிற எண்ணத்துக்கு எதிராக. கொடுக்க இருந்தும், நமக்கே பற்றாது என்று கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிற எண்ணத்துக்கு எதிராக. இப்படி, எண்ணத்தின் வாயிலிருந்தே அதன் பேச்சைப் பிடுங்கி எழுதிவிட்டு, அதன்பிறகு வசனம்.

அந்த நூலின் கிரேக்க மூலம் கிடைக்கவில்லை. சிரியாக் மொழிபெயர்ப்பில் முழுசாகப் பிழைத்தது. சிரியாக் என்றால் நமக்கு எங்கோ இருக்கிற மொழி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் அங்கேயுள்ள சிரியன் கிறிஸ்தவர்களின் பாரம்பரிய வழிபாட்டு மொழி அது. எங்கள் எண்ணெய் போகிற வழியில்தான் அது இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் டேவிட் பிராக்கி 2009-இல் மொழிபெயர்த்தார். அதை வைத்துத்தான் நான் தட்டுத்தடுமாறிப் படித்தேன். எவாக்ரியுஸின் சில இறையியல் கருத்துகளைப் பிற்காலச் சபை கண்டித்தது, 553-ஆம் ஆண்டுச் சங்கத்தோடு அவர் பெயரும் அடிபட்டது. அந்த வழக்குக்குள் போக எனக்குப் படிப்பு இல்லை. எட்டு எண்ணங்களைப் பற்றிய பட்டியலை மட்டும் கண்டித்தவர்களும் கைவிடவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு நோட்டு. களத்துக் கணக்கு நோட்டில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று எழுதுகிற கை. அதே பழக்கத்தில் இடது பக்கம் எண்ணம், வலது பக்கம் வசனம். எண்ணத்தைப் புத்தகத் தமிழில் எழுதக்கூடாது என்பது நான் போட்டுக்கொண்ட விதி. மனசுக்குள் நான் எழுத்துத் தமிழில் ஆசைப்படுவதில்லை. அது பேசுகிற மாதிரியே எழுதினால்தான் அகப்படும்.

‘மூட்டைக்கு அரைக் கிலோ. ஆருக்குத் தெரியப் போகுது?’ இதற்கு எதிரே நீதிமொழிகள் 16:11. நிறைகோலும் தராசும் பையில் இருக்கிற எடைக்கற்களும் கர்த்தருடைய செயல் என்று சொல்கிற இடம். 11:1-இல் கள்ளத்தராசைக் கண்டிக்கிறதே, அதைப் போடலாமே என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தேன். ‘அருவருப்பு’ என்று கண்டிக்கிறது, சரி, ஆனால் என் எண்ணம் கேட்டது ‘யாருக்குத் தெரியும்’ என்று. 16:11 அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. எடைக்கல் அவருடையது என்றால் அது அவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? தொழிலாளர் துறை வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் தராசைச் சோதித்து முத்திரை போடுகிறது. முத்திரை போட்ட தராசிலும் விரலை வைக்க முடியும் என்று சாலொமோனுக்குத் தெரிந்திருக்கிறது.

‘மழைல நனைஞ்சத நடுவுல போட்டுக் கட்டு, மேலயும் கீழயும் நல்லது இருந்தாப் போதும்.’ இதற்கு ஆமோஸ் 8-ஆம் அதிகாரம், 5, 6. தானியத்தின் சக்கையை விற்கலாம் என்று, ஓய்வுநாள் எப்போது முடியும் எப்போது முடியும் என்று காத்திருக்கிற வியாபாரிகள் அங்கே இருக்கிறார்கள். ஆராதனையில் உட்கார்ந்துகொண்டே மனசு களத்தில் இருக்கிறவர்களைப் பற்றி அதைவிட நேராக எழுதியவர் இல்லை. முதன்முறை அதைப் படித்தபோது ஆமோஸ் எங்கள் சபையில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்து எழுதினாரோ என்றிருந்தது.

‘அவன் கலப்படம் பண்ணித்தான் மாடி ஊடு கட்டுனான். நீ நாயம் பேசிட்டு ஓட்டு ஊட்லயே கெட.’ இதற்கு ஒரு வசனம் போதாது. 73-ஆம் சங்கீதம் முழுவதும் வேண்டும். ஏன் என்றால் அந்தச் சங்கீதக்காரன் ஆசாப் முதல் பாதி முழுக்க இதே புலம்பலைத்தான் புலம்புகிறான். அவர்கள் கொழுத்திருக்கிறார்கள், நான் கை கழுவியது வீண் என்கிறான். அவனை முழுசாகப் புலம்ப விட்டபிறகுதான் 17-ஆம் வசனத்தில் திருப்பம் வருகிறது. அந்தத் திருப்பத்தை மட்டும் பிய்த்தெடுத்து அட்டையில் அச்சடித்தால் அது பொய்யாகிவிடும். பொறாமை எனக்குக் கண்டனத்தால் போனதில்லை. என்னைப் போலவே பொறாமைப்பட்டவன் ஒருவன் வேதத்துக்குள் இருக்கிறான் என்று தெரிந்தபோது கொஞ்சம் இளகியது.

அட்டை என்றதும் நினைவு வருகிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் நம் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அந்த வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. நானும் கை நீட்டி எடுக்கிறேன், வீட்டில் அம்மா தன் அட்டையை வருஷம் முழுக்கப் பைபிளுக்குள் வைத்திருப்பார். ஆனால் ஆமோஸ் 8:5 வந்த அட்டையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஆசீர்வாதம் வரும், வாலாக்காமல் தலையாக்குவது வரும். அதற்கு முன்னால் உள்ள நிபந்தனை வராது. வசனத்தைப் பாதியாக வெட்டி நீட்டும் பழக்கம் தேவாலயத்து உச்சியில் யாருடையதாக இருந்தது என்று யோசித்தால், அச்சகக்காரர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

இயேசு சொன்ன மூன்று பதில்களையும் தேடிப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். மூன்றும் உபாகமம். அப்பத்தைப் பற்றிய பதில் 8:3. கர்த்தரைப் பரீட்சை பார்ப்பது பற்றியது 6:16. அவரை மட்டும் பணிவது பற்றியது 6:13. முப்பத்தொன்பது புத்தகங்களிலும் தேடி எடுத்த மூன்று வசனம் இல்லை. நடுவில் ஒரே ஒரு அதிகாரம் விட்டு இருக்கும் இரண்டு அதிகாரங்கள். அந்தப் பகுதி எதைப் பற்றியது? நாற்பது வருஷம் வனாந்தரத்தில் பசித்து, மன்னா தின்று, தண்ணீர் இல்லாமல் முறுமுறுத்த ஜனங்களைப் பற்றியது. அவர் நாற்பது நாள் வனாந்தரத்தில் பசியோடு இருக்கிறார். ஆகவே பிசாசு வருவதற்கு முன்பே அவர் மனசில் அந்த அதிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். தன் நிலைமைக்குப் பக்கத்தில் இருக்கிற பகுதியில் அவர் குடியிருந்திருக்கிறார். கேள்வி வந்தபோது பதிலைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

இதிலிருந்து நான் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது: சிதறிய நூறு வசனத்தைவிட ஒரு அதிகாரம் மேல். போட்டிக்காக நூறு வசனம் ஒப்பிக்கிற பிள்ளைக்குப் பரிசாக டிபன் பாக்ஸ் கிடைக்கும். அதில் தப்பில்லை. ஆனால் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தை மட்டும் தலைகீழாகத் தெரிந்த பிள்ளைக்குச் சோதனை எப்படிப் பிறக்கிறது, ஆசை எப்படிக் கருவாகிறது, எங்கே போய் முடிகிறது என்ற முழு வரலாறும் கையில் இருக்கிறது.

என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. 1830-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் கோயம்புத்தூரில் ஊழியத்தைத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்துச் சபைகளில் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காது வழியாகத்தான் வேதம் போயிற்று. உபதேசியார் ஒரு வரி சொல்வார், இவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வேதாகம ஸ்திரீகள் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மாயி தன் சங்கீதங்களைக் கஷ்டம் வந்தபோது சொல்லி நான் கேட்டதில்லை. நிலக்கடலை உரிக்கும்போது சொல்வார். எருமைக்குத் தண்ணி காட்டும்போது சொல்வார். ஒன்றும் நடக்காத மத்தியானங்களில் சொன்னது, ஏதாவது நடந்த ராத்திரிகளில் அவருக்குத் தானாக வந்தது. 119-ஆம் சங்கீதம் 11-ஆம் வசனத்தில், பாவம் செய்யாதபடிக்கு வசனத்தை இருதயத்தில் வைத்துவைப்பது பற்றி வருகிறது. வைத்துவைப்பது முன்னாலேயே செய்கிற வேலை. தண்ணீர் இல்லாத மாசத்தில் கிணறு வெட்ட ஆரம்பிக்கிறவனை எங்கள் ஊரில் யாரும் விவசாயி என்று சொல்ல மாட்டார்கள்.

கந்தகத்துக்குத் திரும்புகிறேன். புகை போட்ட பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மேலே வெள்ளை. நகத்தால் கீறினாலும் வெள்ளை. இரண்டாக ஒடித்தால் நடுவில் ரப்பராக வளையும். ஈரம் அங்கேயே இருக்கும். வெயிலில் காய்ந்தது அவ்வளவு வெளுப்பாக இருக்காது, லேசாகப் பழுப்பேறியிருக்கும், ஒடித்தால் ‘டக்’ என்று முறியும். நாக்கில் வசனம் நிறைய வைத்துக்கொண்டிருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த வித்தியாசம் பொருந்தும். ஆத்திரத்தில் கூலியாளிடம் கத்திவிட்டு அந்தச் சாயங்காலமே ஜெபக்கூட்டத்தில் நீதிமொழிகள் 15:1-ஐ விளக்க என்னால் முடியும். கேட்கிறவர்களுக்கு மேல்பக்கம்தான் தெரியும். ஒடித்துப் பார்க்கிறவர்கள் வீட்டில் இருக்கிறவர்களும் களத்தில் இருக்கிறவர்களும். ‘மெதுவான பதில்’ என்று ஆயிரம் பேருக்கு விளக்கலாம், சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது குரல் எப்படி இருந்தது என்று உடைப்புக்கு வருகிற அக்காவைக் கேட்டால்தான் தெரியும்.

எல்லா எண்ணத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்கலாமா என்றால், கூடாது. போத்திபாரின் மனைவியிடம் யோசேப்பு முதலில் பதில் சொன்னான், நல்ல பதில்தான். அவள் ஆடையைப் பிடித்தபோது அவன் வசனம் பேசவில்லை. ஆடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். பவுலும் வேசித்தனத்துக்கு விலகி ஓடச் சொல்கிறார், எதிர்த்து நில்லுங்கள் என்று அங்கே சொல்லவில்லை. கைப்பேசியை ராத்திரி பதினொரு மணிக்குக் கையில் வைத்துக்கொண்டு ‘கண்களோடே உடன்படிக்கை’ என்று யோபு 31-ஐ நினைவுகூர்கிறேன் என்று ஒரு பையன் சொன்னால், தம்பி, முதலில் கைப்பேசியை அம்மாவின் அறையில் கொண்டுபோய் வை, அப்புறம் யோபுவைப் படிக்கலாம் என்பேன். ஏவாள் பாம்போடு பேசிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் கட்டளை தெரியும். ஆனால் சொல்லும்போது, தொடவும் கூடாது என்று கடவுள் சொல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள். சரியாகத் தெரியாத வசனத்தோடு நீண்ட பேச்சுக்குள் போவது நல்லதில்லை.

பதிலைத் தேட நேரமில்லாத சமயங்களும் உண்டு. எவாக்ரியுஸின் பாலைவன மரபைப் பிற்பாடு மேற்கே கொண்டுபோன யோவான் காசியன், ஈசாக்கு என்ற துறவி சொன்னதாக ஒரு வழி எழுதியிருக்கிறார். எல்லாச் சமயத்துக்கும் ஒரே வசனம்: 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம், உதவிக்குச் சீக்கிரம் வரச் சொல்கிற கூப்பாடு. அது எந்தப் பொய்யையும் மறுக்கவில்லை. ‘என்னால் முடியவில்லை’ என்று மட்டும் சொல்கிறது. இரண்டு முறைகளும் முரண் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். நோட்டு பகலுக்கு, இது ராத்திரிக்கு.

எட்டு எண்ணங்களில் எங்கள் களத்துக்கு மிகவும் பொருந்துவது பண ஆசை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறாவதுதான் பொருந்துகிறது. மனச்சோர்வு. சூரியன் நகராமல் நிற்கிற மாதிரி, பகல் ஐம்பது மணி நேரம் நீள்கிற மாதிரி துறவிக்குத் தோன்றவைக்கும் எண்ணம் என்று எவாக்ரியுஸ் இன்னொரு நூலில் எழுதுகிறார். மத்தியானப் பிசாசு என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரும் 91-ஆம் சங்கீதத்தின் 6-ஆம் வசனத்திலிருந்து வந்ததுதான். சித்திரை மாசம் இரண்டு மணிக்குக் காங்கேயத்தில் ஒரு களத்தில் வந்து நில்லுங்கள். பருப்பு காய்கிறது, நாமும் காய்கிறோம், செய்ய ஒன்றுமில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அந்த நேரத்தில் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. லாட்டரியை 2003-இல் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு எதிராக 2025-இல் மத்திய அரசே சட்டம் கொண்டுவந்தது. இவற்றில் சிக்கிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பேராசையால் தொடங்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் தொடங்கினார்கள். அதனால் அவர்களிடம் பண ஆசை பற்றிய வசனத்தைச் சொன்னால், ‘நான் ஆசைப்படலீங்களே’ என்று உண்மையாகவே சொல்வார்கள். எண்ணத்தைத் தப்பாகக் கேட்டால் வசனமும் தப்பாகத்தான் போகும்.

பண ஆசை வேறு குரலில் வரும். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி விவகாரம் வெடித்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் முன்பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் கொடுத்து, மாசாமாசம் பராமரிப்புத் தொகையும் தருவதாக நிறுவனங்கள் சொன்னன. சினிமா நடிகர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். கடைசியில் நிறுவனங்கள் கைவிட, பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போட வேண்டியிருந்தது. பணம் போட்டவர்களில் ஜெபிக்கிறவர்களும் உண்டு, சிவன்மலைக்குப் படியேறுகிறவர்களும் உண்டு. அவர்களை ஏமாற்றிய குரல் ‘பணக்காரன் ஆகு’ என்று சொல்லவில்லை. ‘புள்ளைங்க படிப்புக்கு ஆகும்’ என்றது. ‘வயசான காலத்துல ஆர் கையையும் எதிர்பாக்க வேண்டாம்’ என்றது. எவாக்ரியுஸ் பண ஆசைப் பகுதியில் எழுதி வைத்திருக்கும் அதே பயம். பயத்துக்குப் பதில் சொல்லாமல் பேராசையைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தால் கேட்கிறவர் தலையாட்டிவிட்டு வெளியே போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார். நீதிமொழிகள் 28:20 சீக்கிரம் பணக்காரனாகத் துடிப்பவனைப் பற்றிச் சொல்கிறது. நான் என் நோட்டில் அதற்கு முன்னால் மத்தேயு 6:34-ஐ எழுதியிருக்கிறேன், நாளைக்காகக் கவலைப்படுவது பற்றியது. முதலில் பயம், பிறகு பணம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வசனம் ஆசையை எடுத்துப் போடுவதில்லை. தரகர் போனபிறகும் அந்த ராத்திரி எனக்குக் கந்தகம் வேண்டும் என்றுதான் இருந்தது. வசனம் கொடுத்தது அவகாசம்தான். வேண்டாம் என்று சொல்வதற்கும் மறுபடி தோன்றுவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம். அந்த நேரத்துக்குள் ஆட்களைக் கூப்பிட்டுப் பருப்பை அறைக்குள் அள்ளிப்போட்டு, தொட்டிக் கரியில் அனல் மூட்டிக் காயவைத்தோம். செலவு கூடியது. ஒரு பகுதி கறுத்தது. இரண்டாம் தர விலைக்குத்தான் போனது. கர்த்தர் அடுத்த மாசமே இரட்டிப்பாகக் கொடுத்தார் என்று சாட்சி சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. லூக்கா தன் நாலாம் அதிகாரத்தில், பிசாசு வேறொரு சமயம் வரைக்கும் அவரை விட்டுப் போனான் என்கிறார். மூலத்தில் ‘வரைக்கும்’ என்றுதான் இருக்கிறது. இயேசுவுக்கே அப்படி என்றால் எனக்கு அடுத்த ஐப்பசி இருக்கிறது.

நோட்டில் தடிமனாகிக்கொண்டே போகிற பக்கம் ஏழாவது எண்ணத்தின் பக்கம். வீண்புகழ். மற்ற எண்ணங்கள் தோற்றால் அந்தத் தோல்வியையே தின்று இது வளரும் என்று பாலைவனத்தார் எச்சரித்தார்கள். ‘கந்தகம் போடாத களம்’ என்று ஊரில் பெயர் எடுத்தபிறகு எனக்கு வருகிற எண்ணம்: ‘உன்னையாட்டம் ஆரு இருக்கறா இந்தக் காங்கேயத்துல?’ அதற்கு மத்தேயு 6:1 எழுதியிருந்தேன். மனுஷர் பார்க்கவேண்டுமென்று நீதியைச் செய்யாதே என்பது. எண்ணம் உடனே வழக்காடியது: ‘நீ ஊரு பாக்கறதுக்குச் செய்யலியே, ஊருதானே பாத்துட்டுது.’ பதில் போதவில்லை.

போன மாசம் வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த நோட்டு வேலையைக் கொடுத்தேன். எண்ணத்தை அவர்கள் சொல்ல வேண்டியதில்லை, எழுதி வைத்துக்கொண்டால் போதும் என்றேன். யாராவது கேட்க விரும்பினால் கேட்கலாம். யாரும் கேட்கவில்லை. அதனால் என் ஏழாம் பக்கத்தை நானே பலகையில் எழுதி, இதற்கு ஒரு வசனம் தேடிக்கொடுங்கள் என்றேன். பையன்கள் லூக்கா 18-இல் வருகிற பரிசேயனைச் சொன்னார்கள். எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி கொஞ்ச நேரம் பக்கம் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, “சார், ஒண்ணு கொரிந்தியர் நாலு ஏழு போடுங்க” என்றாள். வாங்கிக்கொள்ளாதது உன்னிடத்தில் என்ன இருக்கிறது என்று பவுல் கேட்கிற இடம். ஏன் அது என்று கேட்டேன்.

“பரிசேயன்னு சொன்னா நீங்க அவன் நானில்லன்னு சொல்லிருவீங்க சார். இது கேள்வி. பதில் சொல்லோணும்.”

வலது பக்கத்தில் அதை எழுதிக்கொண்டேன். மத்தேயுவை அடிக்கவில்லை, அதுவும் இருக்கட்டும்.